குண்டு என்னும் குறுஞ்சொல்

வெளியூர்க் கவியரங்குகளில் நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர் மேடையேறும்போது, அறிமுகம் செய்பவர் நம் ஊர்ப்பெயரைச் சொல்லிச் சற்றே நிறுத்துவதுண்டு. அவையில் ஒரு சிறுசிரிப்பு எழும். "குண்டுக்காரர் வந்திருக்கிறார், பாட்டு வெடிக்கிறதா பார்ப்போம்" என்று நடுவர் ஒரு நகைச்சுவையும் உதிர்ப்பார். நாமும் சிரித்துவிட்டுப் பாடத் தொடங்குவோம். பத்தாண்டுகளாக இப்படிச் சிரித்தாயிற்று. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையிலேனும், சிரிப்புக்குக் காரணமான அந்தக் குறுஞ்சொல்லை எடுத்து வைத்து அதன் பொருளும் பிறப்பும் எவை என்று ஆராய்வது தகும் என்று கருதுகிறேன். பெயரைக் கேட்டு மற்றவர் சிரிப்பதில் குற்றமில்லை. பெயரின் பொருளை நாமே மறந்திருப்பதுதான் குற்றம்.

வத்தலக்குண்டு என்பதில் உள்ள குண்டு எது? எறியும் குண்டா, எடையுள்ள குண்டா, வேறொன்றா? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் செல்பவர் தமிழைத் தாண்டித் தெலுங்கு, கன்னடம், வடமொழி ஆகியவற்றையும், ஒப்புநோக்கின் பொருட்டு ஆங்கிலம், கேலிக் என்னும் தொலைநாட்டு மொழிகளையும் காண வேண்டியவராகிறார். அப்பயணத்தை வாசகர்களுடன் சேர்ந்து மேற்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளமும் பந்தும்

இன்று குண்டு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை உருண்டையும் கனமும் ஆகும். துப்பாக்கிக் குண்டு, பீரங்கிக் குண்டு, வெடிகுண்டு, குண்டு விளக்கு, தாலிச்சரட்டில் கோக்கும் பொற்குண்டு, உடல் பருத்தவரைச் சுட்டும் குண்டு என எல்லாமே உருட்சியையும் திரட்சியையும் குறிப்பவை. குன்றிமணி மக்கள் வாயில் குண்டுமணி ஆனதற்கும் உருண்டை என்ற எண்ணமே துணைநின்றது.

ஆனால் பழந்தமிழில் நாம் காணும் குண்டு வேறு. சங்கப் பாடல்களில் இச்சொல் பெரும்பாலும் ஆழம் என்ற பொருளிலேயே வருகின்றது. கோட்டையைச் சூழ்ந்த அகழிக்கும், ஆழ்ந்த நீருக்கும் அது அடைமொழியாக நிற்கிறது. உரையாசிரியர்களும் குண்டு என்பதற்கு ஆழம் என்றே பொருள் எழுதினர். ஆழமான இடம் குழியாகும். குழியில் நீர் தேங்கினால் அது குளமாகும். ஆகவே ஆழம், குழி, சிறுகுளம் என்று பொருள் ஒன்றிலிருந்து ஒன்றாக விரிந்தது. "சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது" என்று நாள்தோறும் சொல்கிறோமே, அத்தொடரில் வருவது உருண்டையன்று; பள்ளமே. பழம்பொருள் முற்றும் மறையாமல் நம் நாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இது ஒன்றே சான்று போதும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இவ்விரு பொருள்வகைகளையும் பதிவுசெய்துள்ளது. பர்ரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் தொகுத்து 1961-இல் முதற்பதிப்பும் 1984-இல் இரண்டாம் பதிப்பும் கண்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இன்னும் ஒரு படி முன்னே சென்றது. பள்ளம் என்னும் குண்டை ஒரு பதிவாகவும், பந்து என்னும் குண்டை வேறொரு பதிவாகவும் அது பிரித்து வைத்தது. அதாவது, ஒரே ஒலியுருவில் இரண்டு சொற்கள் உறைகின்றன என்பது அவ்வறிஞர்களின் துணிபு. ஒன்று கீழே இறங்குவது. மற்றொன்று மேலே திரள்வது.

பள்ளம் என்னும் குண்டுக்கு உடன்பிறப்புகள் பல. தெலுங்கில் குண்ட என்றால் குட்டை அல்லது சிறுகுளம். கன்னடத்தில் குண்டி என்பது குழி. மலையாளத்திலும் குண்டு என்பது பள்ளத்தையே குறிக்கும். வேள்விக் குண்டம், தீர்த்த குண்டம் என வடமொழி வழியாக நாம் வழங்கும் குண்டம் என்ற சொல்லும் இக்குடும்பத்துக்கு நெருங்கியது. திராவிட மொழிகளிலிருந்து வடமொழி ஏற்றுக்கொண்ட சொற்களுள் அதுவும் ஒன்று என மொழியறிஞர் பலர் கருதுவர். ஆந்திரத்துக் குண்டூர் இச்சொல்லால் அமைந்த பெயர் எனச் சொல்லப்படுகிறது. அவ்வூருக்குக் கர்த்தபுரி என்று வடமொழிப் பெயரும் உண்டு. கர்த்தம் என்றால் பள்ளம். பெயரை மொழிபெயர்த்தவர் குண்டு என்பதைப் பள்ளமாகவே புரிந்துகொண்டார் என்பது இதனால் விளங்கும்.

ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் நிலத்தையும் நீரையும் ஒட்டியே எழுகின்றன என்பதை ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' என்ற நூல் (1946) தமிழருக்கு விரிவாக எடுத்துக்காட்டியது. ஏரி, குளம், ஊருணி, தாங்கல், ஏந்தல் எனத் தேங்கிய நீரைக் குறிக்கும் சொற்களே ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிறைந்து கிடக்கின்றன. அவ்வரிசையில் வைத்துப் பார்த்தால், நம் ஊரின் குண்டு நீர் தேங்கும் பள்ளமே என்பது தெளிவாகும். பழனிமலையின் அடிவாரத்தில், மருதாநதியும் மஞ்சளாறும் மலையிறங்கி வைகையை நோக்கி ஓடும் நிலப்பரப்பில், நீர் தேங்கும் பள்ளத்தால் ஓர் ஊர் பெயர் பெறுவதில் வியப்பில்லை.

வெற்றிலையா, வற்றலா?

இனி முற்பகுதியைக் காண்போம். வெற்றிலைக்குண்டு என்பதே மருவி வத்தலக்குண்டு ஆயிற்று என்பது ஊரில் வழங்கும் விளக்கம். வற்றல் குண்டு, அதாவது கோடையில் வற்றிப்போகும் குளம், என்றும் கொள்ளலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். ஒலியளவில் இரண்டும் நெருங்கியே வருகின்றன. எழுத்துமொழியின் 'ற்ற' பேச்சில் 'த்த' ஆவது பொதுவிதி. காற்று காத்து ஆனதும் நேற்று நேத்து ஆனதும் அவ்வாறே.

இங்கே புணர்ச்சி இலக்கணம் நமக்குத் துணை செய்கிறது. வற்றல் என்பதுடன் குண்டு சேர்ந்தால் லகரம் றகரமாகத் திரிந்து வற்றற்குண்டு என வரவேண்டும். பேச்சில் அது திரியாமல் நின்றாலும் வத்தல்குண்டு என்றுதான் நிற்கும். லகரத்துக்குப் பின் ஓர் அகரம் தோன்றுவதற்கு இடமில்லை. நம் ஊர்ப்பெயரிலோ அந்த அகரம் உறுதியாக நிற்கிறது. வெற்றிலை என்பதன் ஈற்று ஐகாரம் சொல்லிடையில் குறுகி அகரமாக ஒலிப்பது இயல்பு. ஐகாரத்தின் பின் வல்லெழுத்து மிகுவதும் இயல்பு. வத்தலக்குண்டு என்ற எழுத்துமுறையில் உள்ள ககர ஒற்று, அந்த வெற்றிலைக்குரிய ஒற்றாகவே தோன்றுகிறது. ஆகவே ஊராரின் விளக்கத்துக்கு இலக்கணமும் சார்பாக நிற்கிறது எனலாம்.

நிலமும் அதற்கு ஒத்துவருகிறது. இப்பகுதியில் வெற்றிலைக் கொடிக்கால்கள் புகழ்பெற்றவை. வெற்றிலைக் கொடி நிழலையும் ஈரத்தையும் ஒருங்கே கேட்கும். அகத்தியை நட்டு அதன்மேல் கொடியைப் படரவிட்டு, பாத்திகளுக்கிடையே வாய்க்கால் வெட்டி நீர் நிறுத்தி வளர்ப்பர். மேட்டுநிலத்தில் அது செழிப்பதில்லை. நீர் பிடிக்கும் தாழ்நிலமே அதற்கேற்றது. வெற்றிலையும் குண்டும் ஒரு பெயரில் இணைந்து நிற்பது தற்செயலன்று. உழவர் அறிவின் சுருக்கம் அது. ஈரடியில் எழுதிய வேளாண் நூல் என்றுகூட அதனைச் சொல்லலாம்.

வகரமும் பகரமும்

நம் ஊரின் பெயர் தமிழில் வகரத்தில் தொடங்க, ஆங்கில ஆவணங்களில் பகரத்தில் தொடங்குவது நாம் அறிந்ததே. பட்லகுண்டு என்று ஆங்கிலேயர் எழுதினர். முந்தைய தலைமுறையினர் தமிழிலும் பத்தலகுண்டு என எழுதியதுண்டு. இந்தச் சிறு ஒலிமாற்றம் இலக்கிய வரலாற்றில் ஒரு வேடிக்கையை நிகழ்த்தியிருக்கிறது.

தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதியவர் இவ்வூரில் 1872-இல் பிறந்த பி. ஆர். ராஜம் ஐயர். மணிக்கொடி இதழைச் சிறுகதைக்குரிய இதழாக நடத்தியவர் இவ்வூரில் 1905-இல் பிறந்த பி. எஸ். ராமையா. இவ்விருவர் பெயரின் முன்னும் நிற்கும் 'பி' வேறொன்றுமன்று, நம் ஊர்தான். ஆங்கில எழுத்தின் சட்டையை அணிந்துகொண்டு தமிழ் இலக்கிய வரலாற்றின் பக்கங்களில் நம் ஊர் நடமாடுகிறது. அவர்கள் தமிழ் முதலெழுத்தை இட்டிருந்தால் 'வ' என்றே இருந்திருக்கும். படிப்பவர் எவரும் ஊரைத் தேடியிருப்பர். எழுத்து இதழை 1959-இல் தொடங்கிப் புதுக்கவிதைக்கு வீடளித்த சி. சு. செல்லப்பாவும் வத்தலக்குண்டைத் தம் ஊராகக் கொண்டவரே. ஆயினும் அவர் பெயரின் முதலெழுத்தைச் சின்னமனூர் எடுத்துக்கொண்டது. ராமையாவின் சிறுகதைகளை ஆராய்ந்து 'ராமையாவின் சிறுகதைப் பாணி' என ஒரு நூலே எழுதியவர் செல்லப்பா என்பதும், ஓர் ஊரார் மற்றோர் ஊராருக்குச் செய்த கடமையாக இங்கே நினைக்கத் தக்கது.

வகரம் பகரமாதல் கன்னடத்தில் பெருவழக்கு. நாம் வா என்பதை அவர்கள் பா என்பர். நாம் வேர் என்பதை அவர்கள் பேரு என்பர். மதுரை நாயக்கர் ஆட்சி நிலவிய 1529 முதல் 1736 வரையிலான இரண்டு நூற்றாண்டுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடியினர் பலர் இந்த மலையடிவாரத்தில் வேரூன்றினர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நம் அண்டை வீட்டார். நம் வட்டத்தில் கவிதை படிப்போரும் அவர்களுள் உண்டு. எனவே இப்பெயரைப் பற்றிப் பேசும்போது, "இது தெலுங்குச் சொல்" என்று ஒருவரும் "இல்லை, தனித்தமிழ்" என்று மற்றொருவரும் வழக்காடுவது எளிது. அவ்வழக்குக்கு வேர்ச்சொல் அகராதி ஒரு நல்ல தீர்ப்பை வைத்திருக்கிறது. குண்டு தமிழிலும் குண்ட தெலுங்கிலும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். எவரும் எவரிடமும் திருடவில்லை. வயலுக்கு இருவரும் இறைத்த நீர் ஒரே குளத்து நீர்.

எழுத்துமுறை குறித்த வழக்கு அண்மையிலும் தலைதூக்கியது. தமிழ்நாட்டு ஊர்கள் 1,018-இன் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி 2020 ஜூன் மாதத்தில் அரசு ஓர் ஆணை வெளியிட்டது. எழுந்த விவாதங்களால் சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. பெயரை எழுதும் எழுத்துக்குள் எத்துணை உணர்ச்சி அடங்கியிருக்கிறது என்பதற்கு அந்தச் சில நாள்களே சான்று.

கருங்குளம் என்னும் தலைநகர்

இதே உணர்ச்சியை நமக்குமுன் பட்டவர்கள் அயர்லாந்து நாட்டினர். அந்நாட்டை அளந்து வரைபடம் வரையும் பணியை ஆங்கில அரசு 1824-இல் தொடங்கியது. ஊர்தோறும் வழங்கிய கேலிக் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றவேண்டிய தேவை எழுந்தது. ஜான் ஓடனவன் என்ற அயர்லாந்து அறிஞர் ஊர் ஊராகச் சென்று, முதியவர்களிடம் பெயரின் ஒலியையும் பொருளையும் கேட்டுக் குறித்து வந்தார். அவர் உழைப்பால் பல பெயர்களின் பொருள் பிழைத்தது. வரைபடத்தில் ஏறிய ஆங்கில உருவங்களோ பல இடங்களில் பொருளை மறைத்தன. பிரையன் ஃப்ரீல் 1980-இல் அரங்கேற்றிய 'மொழிபெயர்ப்புகள்' என்ற நாடகம் இந்தப் பெயர்மாற்றத்தின் வேதனையைப் பொருளாகக் கொண்டது.

அந்நாட்டுத் தலைநகரின் பெயர் டப்ளின். இது ஆங்கிலப் பெயரென்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது இரண்டு கேலிக் சொற்கள். துவ் என்றால் கருமை. லின் என்றால் ஆழ்ந்த நீர்நிலை. டப்ளின் என்றால் கருங்குளம். பாடில் என்னும் சிற்றாறு லிஃபி ஆற்றில் கலக்குமிடத்தில் இருண்ட நீர் தேங்கிக் கிடந்த குளமே அப்பெயருக்குக் காரணம். வேடிக்கை என்னவெனில், ஆங்கிலம் பேசுவோர் இந்தக் கேலிக் பெயரை வழங்க, கேலிக் பேசுவோர் தம் தலைநகரை வேறு பெயரால் அழைக்கின்றனர். தட்டி பரப்பிய ஆற்றுத்துறையின் ஊர் என்பது அதன் பொருள். ஒரே நகருக்கு நீரின் பெயரால் இரண்டு பெயர்கள். இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரையில் பிளாக்பூல் என்றோர் ஊர் உண்டு. அதுவும் ஆங்கிலத்தில் கருங்குளமே. டப்ளினும் பிளாக்பூலும் ஒரு பொருளை இருமொழியில் சொல்லும் இரட்டைப் பெயர்கள் என்பதை அவ்விரண்டு ஊரார்க்கும் எடுத்துச் சொன்னால் வியப்படைவர்.

லின் என்ற சொல் இன்னும் சற்று உற்றுநோக்கத் தக்கது. ஸ்காத்லாந்தில் வழங்கும் ஆங்கிலக் கிளைமொழியில் லின் என்பதற்கு இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று அருவி; மற்றொன்று அருவி விழும் ஆழ்குளம். ஒரு சொல்லே இரண்டையும் குறிப்பதாகத் தோன்றும். ஆனால் பிறப்பை ஆராய்ந்தால், அருவியைக் குறிப்பது பழைய ஆங்கிலத்தில் பாய்ந்தோடும் நீரைக் குறித்த ஒரு சொல்லின் வழிவந்தது. குளத்தைக் குறிப்பது கேலிக் மொழியிலிருந்து வந்தது. இருவேறு மொழிகளில் பிறந்த இரண்டு சொற்கள், ஒரே மலைச்சரிவில் சந்தித்து, ஒரே ஒலியில் ஒன்றிவிட்டன. விழும் நீரும் தேங்கும் நீரும் கண்முன் ஒன்றாகக் கிடந்தபோது, பேசுவோர் அவற்றைப் பிரிக்க நினைக்கவில்லை.

நம் குண்டுக்கும் அதுவே நேர்ந்தது. பள்ளமும் பந்துமாகிய இரண்டு சொற்கள் ஒரே ஒலியில் தங்கின. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. ஸ்காத்லாந்தில் இரண்டு பொருளும் அருகருகே வாழ்கின்றன. நம்மிடம் பந்து பெருத்துப் பள்ளத்தை மூடிவிட்டது. பீரங்கியும் துப்பாக்கியும் வந்தபின் உருண்டைப் பொருள் நாட்டில் பெருவழக்கானது. நாளிதழ்கள் வெடிகுண்டைத் தலைப்புகளில் ஏற்றின. ஆழம் என்ற பொருள் அகராதியில் ஒதுங்கியது. கவியரங்கில் எழும் சிரிப்பின் வரலாறு இதுதான்.

ஒலியொப்புமை என்னும் மயக்கு

இங்கே கவிஞர்களாகிய நாம் ஒரு மயக்கத்துக்கு ஆளாகாமல் இருத்தல் வேண்டும். துப்பாக்கிக்கு ஆங்கிலத்தில் கன் என்று பெயர். குண்டு என்பதிலிருந்தே கன் பிறந்தது என்று மேடையில் ஒருவர் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஆவணம் வேறு சொல்கிறது. இங்கிலாந்தின் விண்சர் கோட்டையில் 1330-31-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட படைக்கலப் பட்டியலில், கொம்பால் ஆன பெரிய விற்பொறி ஒன்று குனில்டா சீமாட்டி என்ற பெயரால் குறிக்கப்பட்டுள்ளது. குனில்டா என்பது வடபுல மொழியில் ஒரு பெண்பெயர். போர்க்கருவிக்குப் பெண்பெயர் இட்டழைக்கும் வழக்கத்தில் பிறந்து, குறுகிக் குறுகி கன் ஆயிற்று என்பதே அறிஞர் முடிவு. கேலிக் மொழியில் துப்பாக்கியைக் குறிக்கும் குன்ன என்ற சொல்லும் ஆங்கிலத்திலிருந்து கடன்பெற்றதே. நம் குண்டுக்கும் அச்சீமாட்டிக்கும் உறவேதுமில்லை.

ஒலியொப்புமையின் கவர்ச்சி பேரறிஞரையும் விட்டதில்லை. அயர்லாந்தில் 1814-இல் பிறந்து ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோவில் கல்வி கற்று, 1838-இல் சென்னை வந்திறங்கியவர் ராபர்ட் கால்டுவெல். 1856-இல் வெளிவந்த அவரது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், இம்மொழிகள் வடமொழியின் கிளைகள் அல்ல, தனிக்குடும்பம் என்பதை நிலைநாட்டியது. அந்நூலில் அவர் திராவிடச் சொற்களுக்கு இணையாகக் கிரேக்கம், இலத்தீன், கெல்டிக் முதலிய மொழிகளின் சொற்களையும் நிரல்படுத்திக் காட்டினார். அவர் கண்ட இலக்கண உறவுகள் இன்றும் நிலைத்து நிற்கின்றன. தொலைமொழிகளோடு அவர் கண்ட சொல்லொப்புமைகள் பலவற்றைப் பின்வந்த ஆய்வு ஏற்கவில்லை. இலக்கண அமைப்பும் ஒழுங்கான ஒலிமாற்றமும் சான்றாக நின்ற இடத்தில் அவர் வென்றார். ஒலிச்சாயல் மட்டும் நின்ற இடத்தில் அவர் சறுக்கினார். நமக்கு இரண்டும் பாடம்.

கால்டுவெல்லுக்கும் நம் பகுதிக்கும் வேறோர் உறவும் உண்டு. அவர் தம் இறுதிநாள்களைக் கழித்து 1891 ஆகஸ்டு 28-ஆம் நாள் மறைந்தது கோடைக்கானலில். அவரது உடல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள இடையன்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் எழுப்பிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மோட்டார்ச் சாலை இல்லாத அக்காலத்தில், அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் வத்தலக்குண்டைக் கடந்து பெரியகுளத்தின் பக்கம் சென்று, அங்கிருந்து மலைப்பாதையில் ஏறுவதே வழக்கம். கருங்குளத்தைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் பிறந்த அறிஞர், வெற்றிலைக் குளத்தின் கரைவழியே மலையேறினார் என்று எண்ணுவது உள்ளத்துக்கு இனிக்கிறது.

பொருள் மறந்த பெயருக்கு மக்கள் புதுப்பொருள் கற்பிப்பதை நம் கண்முன்னேயே காணலாம். கோடைக்கானல் மலைச்சாலை பிரியும் இடத்தைக் காட்ரோடு என்கிறோம். காட் என்பது வடநாட்டில் ஆற்றின் படித்துறை. காசியில் அது இன்றும் அவ்வாறே. படித்துறையிலிருந்து மலைக்கணவாய்க்கும், கணவாயிலிருந்து மலைச்சாலைக்கும் பொருள் ஏறிற்று. ஆங்கிலேயர் அச்சொல்லை எடுத்துவந்து நம் மலையடியில் வைத்தனர். இன்று அதனைக் காட்டு ரோடு என்றே கேட்கும் காதுகளும் உண்டு. இன்னும் இரண்டு தலைமுறை சென்றால் காடு என்பதே அதன் மூலம் என்று யாரேனும் நிறுவவும்கூடும்.

சிறுகுளம்

இனி நம் வட்டத்தார்க்கு நெருக்கமான ஒரு செய்தி. ராஜம் ஐயரின் நாவல் 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்தது. அதன் கதை நிகழும் ஊர் மதுரைச் சீமையைச் சேர்ந்த ஒரு சிற்றூர். அதற்கு ஆசிரியர் இட்ட பெயர் சிறுகுளம். முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் வாழ்ந்த அவ்வூரின் வம்புப் பேச்சும் வழக்குகளும் திருமணங்களும் ஆசிரியர் தம் இளமையில் கண்டறிந்த ஊர் வாழ்வின் சாயலை உடையவை என்பது படிப்போர்க்கு விளங்கும்.

சிறுகுளம் என்ற பெயரை நாம் வேறு கண்கொண்டு பார்க்கலாம். குண்டு என்பதன் பழம்பொருள் என்ன? நீர் தேங்கும் பள்ளம், சிறுகுளம். தம் பெயரின் முன்னால் ஆங்கில எழுத்தாக ஊரைச் சுமந்த அந்த இளைஞர், கதைக்குள் அவ்வூரைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்தாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. இது என் ஊகம், நிறுவப்பட்ட செய்தியன்று. மேலே நான் எச்சரித்த மயக்கத்தின் எல்லையில் நின்றே இதனைச் சொல்கிறேன். ஆயினும் ஒலியை வைத்தன்று, பொருளை வைத்து எழுந்த ஊகம் இது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வல்லவராய், வேதாந்தத்தில் தோய்ந்து, 'பிரபுத்த பாரத' இதழின் முதல் ஆசிரியராக 1896 முதல் பணிபுரிந்து, 1898-இல் இருபத்தாறாம் வயதில் மறைந்த அவருக்குத் தம் ஊர்ப்பெயரின் பொருள் தெரியாமலா இருந்திருக்கும்?

குளம் போனபின் பெயர்

டப்ளினுக்குப் பெயர் தந்த கருங்குளம் இன்று இல்லை. பாடில் ஆறு நிலத்தடியில் மூடப்பட்டுவிட்டது. குளம் கிடந்த இடத்தில், டப்ளின் கோட்டையின் பின்புறம், ஒரு பூங்கா பசுமையாக விரிந்திருக்கிறது. குளத்தை நினைவூட்ட எஞ்சியிருப்பது நகரின் பெயர் ஒன்றே.

நம் நாட்டிலும் இவ்வாறே. சென்னையில் மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த நீண்ட ஏரி 1920-களிலிருந்து தூர்க்கப்பட்டு, அங்கே தியாகராய நகர் எழுந்தது. ஏரி காணாமற்போனது, ஏரியைப் பார்த்திருந்த சாலை மட்டும் லேக் வியூ ரோடு என்ற பெயருடன் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. நுங்கம்பாக்கம் ஏரிப்பரப்பில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. அருகே டேங்க் பண்ட் ரோடு, கரையில்லாத கரைச்சாலையாக நிற்கிறது. 2015-இல் சென்னையில் வெள்ளம் வந்தபோது, மக்கள் மறந்த ஏரிகளையும் கால்வாய்களையும் நீர் நினைவில் வைத்திருந்தது. பெயரைப் படிக்கத் தெரிந்தவர் அந்நிலத்தில் பள்ளம் எது, மேடு எது என்பதை வெள்ளத்துக்கு முன்பே அறிந்திருப்பர்.

ஆகவே ஊர்ப்பெயரின் பொருளறிதல் புலவர் பொழுதுபோக்கு மட்டுமன்று. குண்டு என்ற சொல் பள்ளம் என்று தெரிந்த ஊரார், பள்ளத்தில் மனை வாங்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பர். வெடிகுண்டு என்று எண்ணுவோர் சிரித்துவிட்டு அத்தளம் போடுவர். சொல்லின் பொருள் தொலைந்தால், அச்சொல் காத்துவைத்த நிலத்தின் அறிவும் அதனோடு தொலையும்.

ஸ்காத்லாந்தின் லூயிஸ் தீவில் கேலிக் மொழி பேசுவோர், தங்கள் சதுப்புநிலத்தின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஈரத்துக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கின்றனர். அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் ஒரு சிறு தொகுப்பாகத் திரட்டப்பட்டன. அதனைக் கண்டு நெகிழ்ந்த ராபர்ட் மக்ஃபர்லேன் என்ற ஆங்கில எழுத்தாளர், தம் நாட்டின் நிலச்சொற்களை ஊர்தோறும் தேடித் தொகுத்து 2015-இல் ஒரு நூல் வெளியிட்டார். சதுப்பைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் பாக் என்ற குறுஞ்சொல்லே கேலிக் மொழி தந்ததுதான். மென்மை என்பது அதன் மூலப்பொருள். காலடி அமிழும் நிலத்தை மென்மை என்று அழைத்த அவர்களின் கண், ஆழ்ந்த நிலத்தைக் குண்டு என்று அழைத்த நம் முன்னோர் கண்ணுக்கு இணையானது.

நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியாக இதனை முன்வைக்கிறேன். கண்மாய், மடை, கலிங்கு, ஊருணி, ஓடை, குண்டு, கொடிக்கால் என நம் உழவர் வாயில் இன்னும் உயிரோடிருக்கும் நீர்ச்சொற்களையும் நிலச்சொற்களையும், உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் முதியோரிடம் கேட்டு எழுதி வருவோம். தமிழ் பேசும் வீட்டிலும் கேட்போம். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீட்டிலும் கேட்போம். எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பெயர் என்பதையும் உடன் குறிப்போம். ஓடனவன் தம் நாட்டில் ஊர் ஊராக நடந்து செய்த வேலையை, நாம் பலர் கூடிச் செய்வது அரிதன்று.

இனி எந்த ஊர்க் கவியரங்கிலேனும் நம் ஊர்ப்பெயர் கேட்டுச் சிரிப்பு எழுந்தால், அது அடங்கும்வரை பொறுத்திருந்து, குண்டு என்றால் ஆழம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடங்குவோம்.